மூப்பு வேறு, பிணி வேறு



பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு ஆகிய நான்கினையும் துக்கமெனப் பகவன் புத்தர் எடுத்தோதியதை நாம் அறிவோம். சித்தார்த்தர் தேரேறி நகர்வலம் சென்றபோது முதலிற் கண்டது மூத்தவரை. அடுத்துக் கண்டது பிணியாளரை. அதன்பின் கண்டது பிணத்தை. இவ்வரலாற்றைப் பலமுறை கேட்டிருந்தும் அதனுள் அடங்கிய நுட்பமொன்றைக் கவனியாது விடுகிறோம். மூத்தவரும் பிணியாளரும் ஒருவரல்லர், இருவர். மூப்பே பிணியாயின் ஒரு காட்சி போதுமன்றோ? மூப்பைத் தடுத்து நிறுத்த எவராலும் இயலாது. பிணியிலோ தீர்வதுண்டு, தணிவதுண்டு, வருமுன் காக்கத்தக்கதும் உண்டு. இவ்வேற்றுமையை உணர்தலே இன்றைய பாடம்.

நம் இல்லங்களில் நடப்பது யாது? பாட்டிக்குக் கண் மங்கினால், "வயதாகிவிட்டது" என்கிறோம். தாத்தாவுக்கு மூச்சிரைத்தால், "வயதாகிவிட்டது" என்கிறோம். உணவு செல்லவில்லை, உறக்கம் வரவில்லை, ஓயாது அழுகிறார் எனில் அதற்கும் அதே விடை. மூத்தோரும் தம்மைப்பற்றி அவ்வாறே சொல்லி, "எனக்கெதற்கு வீண் செலவு?" என்று முடித்துவிடுகின்றனர். இவ்வொரு சொல்லால் தீரத்தக்க நோய்கள் தீராமற் கிடக்கின்றன.

சிலவற்றை எடுத்து ஆராய்வோம்.

முதலாவது, கண். கண்புரை என்பது விழியிலுள்ள வில்லை வெளுத்து ஒளியை மறைப்பது. நம் நாட்டில் முதியோர் பார்வையிழப்புக்குத் தலையாய காரணம் இதுவே. சிறு அறுவையால் அவ்வில்லையை நீக்கி வேறு வில்லை வைத்துவிடலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. இருந்தும் எத்தனை பேர் சுவரைத் தடவியே நாட்களைக் கழிக்கின்றனர்!

இரண்டாவது, செவி. காது கேளாதவர் பேச்சினின்றும் ஒதுங்குகிறார். ஒதுங்கியவரை மற்றவரும் ஒதுக்குகின்றனர். செவிப்புலன் குன்றுதல் பிற்காலத்து மறதிநோய்க்கு இடந்தரும் காரணங்களுள் ஒன்றென மருத்துவ ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். சிலருக்கு அடைத்த குறும்பியை எடுத்தாலே போதும். சிலருக்குக் காதுக்கருவி வேண்டும். எதுவென்று பார்த்துச் சொல்பவர் வைத்தியரே.

மூன்றாவது, மூச்சு. பஞ்சாலையில் உழைத்த நாம் இதனை நன்கறிவோம். விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும்; அது பஞ்சுத்தூசியால் வருவது. சுரங்கத்தில் உழைத்தோருக்கோ கற்றூசி நுரையீரலிற் படிந்து தழும்பாகிறது. சுரங்கத்தை விட்டு நீங்கிய பின்னரும் அந்நோய் வளரக்கூடும். காசநோய் பற்றுவதற்கும் வழிசெய்யும். ஆதலால் பழந்தொழிலாளர் ஒருவருக்கு இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் சளியைச் சோதிப்பித்தல் கட்டாயம். காசநோய்க்கு அரசாங்கம் மருந்தை விலையின்றி அளிக்கிறது.

நான்காவது, திடீர்க் கலக்கம். நேற்றுவரை தெளிவாயிருந்த மூதாட்டி இன்று மகனை அறியாது பிதற்றுகிறாள். உடனே பேய் பிடித்ததென்றும் தெய்வக்குற்றமென்றும் அயலார் சொல்வர். தன்மத்தைச் சரணடைந்த நாம் அச்சொல்லுக்குச் செவிகொடுத்தல் தகுமோ? எதற்கும் காரணமுண்டு என்பதன்றோ நாம் கற்றது? சிறுநீர்த்தாரையில் தொற்று, நுரையீரற் காய்ச்சல், உடலில் நீர்வற்றுதல், சர்க்கரை தாழ்தல், உட்கொள்ளும் மருந்தின் மிகுதி ஆகியவற்றுள் ஒன்று காரணமாயிருக்கலாம். முதியோர்க்குக் கடும் தொற்றிலும் உடல் சுடாதிருப்பதுண்டு. ஆகவே திடீர்க் கலக்கம் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. மந்திரிப்பவனிடம் கழியும் ஓரிரவு உயிரையே கொண்டுபோகலாம்.

ஐந்தாவது, விழுதல். ஈரத் தரையும் இருண்ட நடையும் இடுப்பெலும்பை முறித்து, நடமாடியவரைப் படுக்கையில் தள்ளுகின்றன. இரவில் ஒரு சிறு விளக்கும், குளிக்குமிடத்தில் பற்றிக்கொள்ள ஒரு கம்பியும் பெருஞ்செலவன்று.

இனி, பேணுவோர் எத்தகையராயிருத்தல் வேண்டும்? வயிற்றுக்கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவன் கண்டார். ஆனந்தரைக் கொண்டு நீர் வருவித்து, பகவனே நீர் வார்க்க ஆனந்தர் கழுவ, இருவருமாய்த் தூக்கிப் படுக்கையிற் கிடத்தினர். தமக்குப் பணிபுரிய விரும்புவோர் நோயாளிக்குப் பணிபுரிக என்பதே அன்று சங்கத்தார்க்கு அவர் அருளியது. நோயாளியைப் பேணத் தக்கவருக்கு ஐந்து தகுதிகளையும் வகுத்தார். மருந்தைச் சரியாக அமைத்துத் தருதல் ஒன்று. ஒப்பும் உணவு எது, ஒவ்வாதது எது என அறிந்து கொடுத்தல் இரண்டு. ஆதாயம் கருதாது அன்பினாற் செய்தல் மூன்று. மலம், சிறுநீர், வாந்தி, சளி இவற்றை அருவருக்காமை நான்கு. உற்ற காலத்தில் தன்மமொழி கூறி உள்ளத்தை மகிழ்வித்தல் ஐந்து.

இவ்வைந்தனுள் ஐந்தாவதைக் கவனிக்க. சோறும் மருந்தும் கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று பகவன் கூறவில்லை. பேச்சுத்துணையையும் பராமரிப்பின் பகுதியாகவே வைத்தார். நகுலபிதா என்னும் கிழவர் மூப்பாலும் நோயாலும் வருந்தி அவரிடம் வந்தபோது, உடல் நோயுற்றாலும் உள்ளம் நோயுறாதபடி பயில்க என்று அவருக்கு உபதேசித்தார். அவ்வுபதேசம் பெறவும் ஒருவர் வந்து அருகே அமர்ந்து பேசவேண்டுமன்றோ?

கோலார் தங்கவயலை நினைப்போம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழ்ப் பௌத்தம் வேரூன்றிய ஊர் அது. 2001ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்றுமுதல் இளையோர் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். பிழைப்புக்குச் செல்வோரைக் குறைகூறல் நியாயமன்று. ஆயினும் பகல்முழுதும் அந்த லைன் வீடுகளில் தனித்திருப்பவர் யார்? பூமிக்கடியில் உழைத்து நம்மை ஆளாக்கிய முதியோரே. நம் மக்கள் ஆலைகளை நம்பி வாழ்ந்த பிற ஊர்களிலும் இதே நிலைதான். தம்மை வளர்த்தோரைத் தாம் பேணுதல் மக்களின் முதற்கடமையெனச் சிகாலனுக்குப் பகவன் உரைத்தார். மகன் இரயிலில் இருக்கும் வேளையில் அக்கடமையை அயல்வீட்டாரும் சங்கத்தாரும் பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும்.

ஆதலின் ஒவ்வொரு சங்கமும் செய்யத்தக்கவை சில. ஒவ்வொரு லைனிலும் ஒருவர் நண்பகலில் முதியோர் வீடுகளுக்குச் சென்று, உண்டனரா, மருந்து எடுத்தனரா என்று விசாரித்து வரலாம். ஞாயிறு வந்தனைக்கு நடக்கமாட்டாதவரை வண்டியில் அழைத்து வரலாம். அவர்களைச் சிறுவர் நடுவே அமர்த்திப் பழங்காலச் செய்திகளைச் சொல்லச் செய்யலாம். கேட்கப்படுகிறவர் தாம் வேண்டப்படுகிறோம் என்றுணர்வர். ஆண்டுக்கொரு முறையேனும் கண், காது, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைச் சோதிக்க ஏற்பாடு செய்யலாம்.

உரிமைகளையும் அறிவிக்கவேண்டும். வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள முதியோர்க்கு 60 வயதுமுதல் மாதம் 200 ரூபாயும், 80 வயதுமுதல் 500 ரூபாயும் மத்திய அரசின் பங்காக ஓய்வூதியம் உண்டு. மாநில அரசுகள் அதனோடு தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கைவிடப்பட்டவர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்து பிள்ளைகளிடம் மாதந்தோறும் பராமரிப்புத்தொகை பெறலாம். பேணுவதாக நிபந்தனை எழுதி வாங்கிய சொத்தை வைத்துக்கொண்டு பேணாதொழிந்தால், அவ்வுரிமை மாற்றத்தையே ரத்துச் செய்யலாம். முதியோர் உதவிக்கெனத் தொலைபேசி எண் 14567 உள்ளது. எழுத்தறியாத முதியவருக்கு மனு எழுதிக் கொடுப்பதும், அவருடன் அலுவலகம் சென்று வரிசையில் நிற்பதும் தானமே என்க.

மூத்தோர்க்கும் ஒரு சொல். நோயை மறைப்பது பொறுமையாகாது. கபிலவத்துவில் பிரசங்கித்துக்கொண்டிருந்த பகவன், தம் முதுகு நோகிறதென்று வெளிப்படச் சொல்லி, ஆனந்தரைத் தொடரச் செய்து தாம் சாய்ந்து இளைப்பாறினார். எண்பதாம் வயதில் தம் உடலைக் கட்டுப்போட்டு ஓட்டும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டார். பகவனே மறையாததை நீங்கள் மறைப்பானேன்? நோவது எங்கேயென்று வாய்திறந்து சொல்லுங்கள்.

உபாசகர்களே! இனி உங்கள் இல்லத்தில் "வயதாகிவிட்டது" என்னும் சொல் எழும்போது, இது மூப்போ பிணியோ என்று ஒருமுறை வினவுங்கள். பிணியாயின் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூப்பாயின் அருகே அமர்ந்து கையைப் பற்றிக்கொள்ளுங்கள்.

எல்லா உயிர்களும் நலமுற்று வாழ்க!