கணிப்பொறி உலகில் தெரிந்து வினையாடல்

முன்னுரை

எவ்வினையை எவரிடம் ஒப்படைத்தல் தகும் என ஆராய்ந்து அறிதல் அரிய கலையாகும். ஆதலின் வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆள்வோர்க்கு உரைக்கப்பட்ட அந்நெறி கணிப்பொறிகளை ஆள்வோர்க்கும் பொருந்துகின்றது. உலகின் பல நாடுகளிலுள்ள தன்னார்வலர்கள் தம் கணிப்பொறிகளின் உழைப்பை நல்கி மாபெரும் பகா எண்களைத் தேடி வருகின்றனர். பழைய பொறி, புதிய பொறி, நினைவகம் மிக்க பொறி, விளையாட்டுக்கென வாங்கிய பொறி எனப் பலவும் அப்பணியில் இணைந்துள்ளன. இவை யாவற்றிற்கும் ஒரே வேலையை அளித்தால் உழைப்பும் மின்சாரமும் வீணாகும். எவ்வேலைக்கு எச்செயலி ஏற்றது, ஏன் ஏற்றது என்பதனை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

மெர்சென் பகா எண்கள்

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண் பகா எண் ஆகும். 2-இன் 5-ஆம் அடுக்கு 32. அதில் ஒன்றைக் கழிக்க எஞ்சும் 31 பகா எண்ணாகும். இவ்வாறு 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் விடையும் பகா எண்ணாக இயலும். ஆயினும் அது மட்டுமே போதாது. 11 பகா எண்ணே; எனினும் 2-இன் 11-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறும் 2047, 23-ஐயும் 89-ஐயும் பெருக்கி வருவது.

பிரெஞ்சுத் துறவியார் மாரின் மெர்சென் 1644-இல் இத்தகைய அடுக்குகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதில் 67, 257 ஆகிய இரண்டும் தவறாக இடம்பெற்றன. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டன. பிழைகளை முற்றக் களைய மூன்று நூற்றாண்டுகள் ஆயின. கையால் கணக்கிட்ட காலத்தில் இப்பணி அத்துணைக் கடினமாக இருந்தது.

1996 சனவரியில் அமெரிக்கரான ஜார்ஜ் வோல்ட்மன், 'ஜிம்ப்ஸ்' எனச் சுருக்கமாக வழங்கும் கூட்டுத் தேடலைத் தொடங்கினார். அவர் எழுதிய பிரைம்95 என்னும் செயல்நிரலை எவரும் இலவயமாகப் பெற்றுத் தம் பொறியில் இயக்கலாம். ஸ்காட் குரோவ்ஸ்கி 1997-இல் அமைத்த பிரைம்நெட் என்னும் வழங்கி, வேலைகளைப் பங்கிட்டு அளிக்கும் பொறுப்பை ஏற்றது. 2024 அக்டோபரில் அறியப்பட்ட மெர்சென் பகா எண்கள் 52. அவற்றுள் இறுதியாகக் கிடைத்த 18-உம் இக்கூட்டு முயற்சியின் பயனே.

இருவகை வினைகள்

இத்தேடலில் அடிப்படையான வினைகள் இரண்டு உள. ஒன்று காரணியைத் தேடுதல். மற்றொன்று பகா எண்ணா எனச் சோதித்தல். இரண்டும் வேறுவேறு என்பதனை 67-ஆம் அடுக்கின் வரலாறு தெளிவாக்கும்.

பிரெஞ்சு அறிஞர் எட்வார்ட் லூக்கா 1876-இல், அவ்வெண் பகா எண் அன்று என்று மெய்ப்பித்தார். ஆனால் அதன் காரணி எதுவென அவர் வழி காட்டவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஃபிராங்க் நெல்சன் கோல் அதன் காரணிகளைக் கண்டு வெளியிட்டார். அவை 19,37,07,721, 7,61,83,82,57,287 ஆகியன. அவையோர் முன் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையில் பெருக்கிக் காட்டி அமர்ந்தார் என்பர். சோதனை 'பகா எண் அன்று' என முடிவுரைக்கும். காரணி அம்முடிவுக்குக் கண்கூடான சான்று தரும். காரணி ஒன்று கிடைத்துவிடின் நீண்ட சோதனையே தேவையில்லை. ஆகவே முதலில் காரணியைத் தேடி, கிடைக்காதபோது சோதனைக்கு அனுப்புவது முறையாயிற்று.

காரணி தேடலும் வரைகலைச் செயலியும்

காரணிகளை எங்கும் அலைந்து தேடவேண்டியதில்லை. அடுக்கை இரட்டித்து, ஏதேனும் ஒரு முழு எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வரும் எண்களுள்தான் அவை இருக்கும். மேலும் 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகவே இருக்கும். 2047-இன் காரணிகளை நோக்குக. 11-இன் இருமடங்கு 22; அதனோடு ஒன்று கூட்ட 23. 22-இன் நான்கு மடங்கு 88. அதனோடு ஒன்று கூட்ட 89. 8-ஆல் வகுக்க முன்னதன் மீதி 7. பின்னதன் மீதி 1.

இத்தேடலில் ஓர் எண்ணைச் சோதிக்க மற்றோர் எண்ணின் விடை வேண்டியதில்லை. ஆயிரம் பேர் ஆயிரம் எண்களை ஒரே நேரத்தில் சோதிக்கலாம். கையாளும் எண்களும் சிறியவை. பெரிய நினைவகமும் தேவையில்லை. எனவே ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டு அலகுகளைக் கொண்ட வரைகலைச் செயலி இவ்வினைக்கு மிகப் பொருந்துகின்றது. விளையாட்டுப் படங்களைத் திரையில் தீட்டப் பிறந்த அச்செயலி, காரணி தேடலில் மையச் செயலியைப் பன்மடங்கு விஞ்சுகின்றது.

எதுவரை தேடுவது என்னும் வினா இங்கு எழும். தேடும் எல்லையை ஒரு பிட் உயர்த்தினால் உழைப்பு இருமடங்காகும். ஆனால் 75 பிட் அளவில் காரணி கிடைக்கும் வாய்ப்போ ஏறத்தாழ 75-இல் ஒன்றுதான். தேடலுக்கு ஆகும் உழைப்பு, அதனால் மிச்சமாகும் சோதனை உழைப்பை விஞ்சும் இடத்தில் நிறுத்திக்கொள்வது அறிவுடைமை. வரைகலைச் செயலிகள் வந்தபின் அவ்வெல்லை சில பிட்டுகள் மேலே சென்றது. எனவே, நிறுத்தவேண்டிய இடத்தைக் கணிதம் மட்டுமன்றிக் கருவியும் சேர்ந்தே முடிவு செய்கின்றது என்பது தெளிவு.

நினைவகம் வேண்டும் வினை

ஜான் போலார்ட் 1974-இல் வெளியிட்ட மற்றொரு முறையும் பயன்படுகின்றது. ஒரு காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண் சிறுசிறு பகா எண்களின் பெருக்கமாக இருப்பின், அக்காரணியை இம்முறை எளிதில் பிடித்துவிடும். கோல் கண்ட சிறிய காரணியையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒன்றைக் கழித்த 19,37,07,720 என்பது மூன்று 2, மூன்று 3, ஒரு 5, ஒரு 67, ஒரு 2677 ஆகியவற்றின் பெருக்கமாகும். 67 வரையிலான பகா எண்களை முதற்கட்டம் கவனித்துக்கொள்ளும். எஞ்சும் ஒரே பெரிய பகா எண்ணான 2677-ஐ இரண்டாம் கட்டம் பற்றும்.

இரண்டாம் கட்டத்தில் இடைநிலை விடைகள் பலவற்றைச் சேமித்து வைத்துக்கொண்டால் வேலை விரையும். அவ்விடை ஒவ்வொன்றும் கோடிக்கணக்கான பிட் நீளமுடையது. ஆகவே நினைவகம் மிக்க பொறிக்கே இவ்வினை உரியது. உரியவர் செயல்நிரலுக்குப் போதிய நினைவகத்தைப் பயன்படுத்த இசைவு தருதலும் வேண்டும். கருவூலம் நிறைந்திருந்தும் திறவுகோலைத் தராதவன் பொறியால் இங்குப் பயன் குறைவே.

தொடர் சோதனையும் இரட்டைத் துல்லியமும்

லூக்கா கண்டு, டெரிக் லேமர் 1930-இல் செம்மைப்படுத்திய சோதனை மிக எளியது. 4-இல் தொடங்குக; வர்க்கித்து 2-ஐக் கழிக்க; சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியைக் கொள்க; மீண்டும் அவ்வாறே செய்க. அடுக்கைவிட இரண்டு குறைவான முறை இதனைச் செய்தபின் மீதி சுழியாயின் அது பகா எண். 31-க்கு அடுக்கு 5. ஆகவே மூன்று படிகள். 4-இலிருந்து முதற்படியில் 14. அடுத்து 194, அதனை 31-ஆல் வகுக்க மீதி 8. மூன்றாவதாக 62, மீதி சுழி. எனவே 31 பகா எண்.

முறை எளியதாயினும் ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையை எதிர்நோக்கி நிற்கின்றது. ஒருவர் முதற்படியையும் மற்றவர் பத்தாம் படியையும் ஒரே நேரத்தில் செய்தல் இயலாது. 13 கோடிக்கு மேற்பட்ட அடுக்காயின் 13 கோடிக்கு மேற்பட்ட படிகள். ஒவ்வொரு படியிலும் நான்கு கோடி இலக்க எண்ணின் வர்க்கம். இதனை விரைவு ஃபூரியே மாற்றம் என்னும் உத்தியால் செய்கின்றனர். அதற்கு இரட்டைத் துல்லியமுடைய மிதவைப்புள்ளிக் கணக்கீடு தேவை. ஒவ்வோர் இரட்டைத் துல்லிய எண்ணிலும் ஏறத்தாழ 18 பிட்டுகளை ஏற்ற முடியும். ஆதலின் ஒரு சோதனையின் தரவு மட்டுமே சுமார் 60 மெகாபைட் ஆகும்.

இங்கு இரு தகுதிகள் வேண்டப்படுகின்றன. முதலாவது இரட்டைத் துல்லிய ஆற்றல். 2020-இல் வெளிவந்த ஜீஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3090 என்னும் விளையாட்டு வரைகலைச் செயலியில் அவ்வாற்றல், ஒற்றைத் துல்லிய ஆற்றலில் 64-இல் ஒரு பங்கே. அதே ஆண்டில் வெளிவந்த ஏ100 என்னும் ஆய்வுக்கூடச் செயலியிலோ அது பாதி. முன்னது காரணி தேடலில் வல்லது. பின்னது சோதனைக்கும் வல்லது. உடன்பிறப்புகள் போலத் தோன்றும் இரண்டும் தொழிலால் வேறுபடுகின்றன.

இரண்டாவது நினைவகப் பாதையின் விரைவு. நான்கு உட்கருக்களைக் கொண்ட மையச் செயலியில் நான்கு சோதனைகளை ஒருங்கே ஓட்டினால் நான்கும் ஒரே குறுகிய பாதையில் நெருக்கியடிக்கும். நான்கு உட்கருக்களும் கூடி ஒரே சோதனையைச் செய்தால் அந்நெருக்கடி தணியும். உள்நினைவகம் பெரிதாகித் தரவு முழுதும் அதனுள் அடங்குமாயின் பயன் மிகும்.

நம்பகமும் பழைய பொறிகளும்

விரைவு மட்டுமே தகுதியாகாது. கோடிக்கணக்கான படிகளில் ஒரு பிட் பிறழினும் முடிவு பாழாகும். அளவுக்கு மீறி வேகம் ஏற்றப்பட்ட பொறியும், வெப்பத்தால் தடுமாறும் பொறியும் இவ்வினைக்கு ஒவ்வா. அதனால்தான் நெடுங்காலம் ஒவ்வொரு சோதனையும் மற்றொரு பொறியில் இரண்டாம் முறை செய்து சரிபார்க்கப்பட்டது. பழைய பொறிகளுக்கு இச்சரிபார்ப்பே தக்க பணியாயிற்று. சிறிய அடுக்குகளாதலின் அவற்றால் உரிய காலத்தில் முடிக்க இயன்றது.

ராபர்ட் கெர்பிட்ஸ் 2017-இல் கண்ட பிழை காணும் முறையைச் சேர்த்தபின், 'பகா எண்ணாக இருக்கலாம்' எனக் கூறும் சோதனை பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் நிலை பெற்றது. 2020 முதல் சோதனையோடு ஒரு சான்றும் அனுப்பப்படுகின்றது. அச்சான்றைச் சரிபார்க்க முழுச் சோதனையின் உழைப்பில் நூற்றில் ஒரு பங்கும் ஆகாது. இக்குறுவேலை எளிய பொறிக்கும் ஏற்றது.

இந்நெறிகள் அனைத்தும் ஒன்றுசேர்ந்த நிகழ்ச்சி 2024 அக்டோபரில் அமைந்தது. லூக் டுராண்ட் என்னும் அமெரிக்கர் பல நாடுகளின் தரவு மையங்களிலுள்ள வரைகலைச் செயலிகளை இத்தேடலில் ஈடுபடுத்தினார். அயர்லாந்தின் டப்ளினிலிருந்த ஏ100 ஒன்று, 13,62,79,841 என்னும் அடுக்குடைய எண் பகா எண்ணாக இருக்கலாம் என 11-ஆம் நாள் அறிவித்தது. மறுநாள் டெக்சாசின் சான் அந்தோனியோவிலிருந்த எச்100 ஒன்று லூக்கா–லேமர் சோதனையால் அதனை உறுதி செய்தது. அவ்வெண்ணின் இலக்கங்கள் 4,10,24,320. ஜிம்ப்ஸ் தேடலில் வரைகலைச் செயலியால் கண்டறியப்பட்ட முதல் மெர்சென் பகா எண் இதுவே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் தெளிவன சில. சுதந்திரமாகப் பிரித்துச் செய்யத்தக்க சிறு கணக்குகளை வரைகலைச் செயலிக்கு அளித்தல் வேண்டும். சேமிப்பை வேண்டும் வினையை நினைவகம் மிக்க பொறிக்கும், நெடிய தொடர் சோதனையை இரட்டைத் துல்லியமும் நம்பகமும் உடைய பொறிக்கும், குறுகிய சரிபார்ப்பை எளிய பொறிக்கும் அளித்தல் வேண்டும். மின்செலவையும் உடன் எண்ணுதல் வேண்டும்; சிறுபயனுக்குப் பெருமின்சாரம் உண்ணும் பொறிக்கு ஓய்வு கொடுத்தலும் தெரிந்து வினையாடலே.

இந்நெறி பொறிகளோடு நிற்பதன்று. மாணவர் அனைவரையும் ஒரே அளவுகோலால் அளந்து, ஒருவரை வல்லவர் என்றும் மற்றவரை மாட்டாதவர் என்றும் வகுத்துவிடுகின்றோம். விரைந்து பலவற்றைச் செய்வார் சிலர். ஒன்றை நெடிது தொடர்ந்து பிழையின்றி முடிப்பார் சிலர். பிறர் செய்ததைப் பொறுமையுடன் சரிபார்ப்பார் சிலர். நான்கு கோடி இலக்க எண்ணைக் கண்டவர் ஒருவரே என ஏடுகள் எழுதலாம். ஆனால் பகா எண் அல்லாதவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, தேடும் பரப்பைச் சுருக்கிக் கொடுத்த சிறு பொறிகள் எண்ணற்றவை. அவற்றின் உழைப்பும் அக்கண்டுபிடிப்பின் பகுதியே என்பது இவ்வாய்வால் நாம் பெறும் முடிபாகும்.