புதிய சேகரத்துக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

குருப்பட்டம் பெற்ற கையோடு திசையன்விளைப் பக்கத்துச் சேகரம் ஒன்றுக்கு நியமன உத்தரவு வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். வீட்டில் எல்லாரும் ஜெபித்தோம். உங்கள் கடிதத்தின் கடைசியில் இருந்த ஒரு வரிதான் இத்தனை நாளும் மனதைவிட்டுப் போகவில்லை. "பெரும்பாலும் படிக்காத ஜனங்கள், எல்லாவற்றையும் நான்தான் புதிதாகத் தொடங்கவேண்டியிருக்கும்போல" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில்.

அங்கே நீங்கள் புதிதாகத் தொடங்க ஒன்றுமில்லை, தம்பி. ஆண்டவர் உங்களுக்கு முந்தியே அந்த ஊருக்குப் போய்விட்டார். யார் யாரை வைத்து வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் உங்களுக்கு முதல் வருஷத்து ஊழியம்.

நம் திருநெல்வேலித் திருச்சபையின் கதையையே பாருங்கள். அதைத் தொடங்கியது யார் என்று யாரைக் கேட்டாலும் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயரைச் சொல்வார்கள். கொஞ்சம் படித்தவர்கள் சுவார்ட்ஸ் ஐயர் வரைக்கும் போவார்கள். இருவரும் பெரிய ஊழியர்கள், சந்தேகமில்லை. ஆனால் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டையில் கால் வைப்பதற்கு முன்பே, 1771இல், தம் குறிப்பில் ஒரு செய்தி எழுதிவைத்திருக்கிறார். திருச்சிராப்பள்ளிச் சபையைச் சேர்ந்த சவரிமுத்து என்பவர் பாளையங்கோட்டையில் குடியிருக்கிறார். அக்கம்பக்கத்தாருக்கு வேதத்தை வாசித்துக் காட்டுகிறார். ஓர் ஆங்கிலேயச் சார்ஜெண்டும் அவருக்குத் துணை நிற்கிறார். செய்தி இவ்வளவுதான். வாசிக்கக் கேட்டவர்களில் கணக்குவேலை பார்த்த ஓர் இளைஞன் விசுவாசத்துக்கு வந்தான். சார்ஜெண்டு அவனுக்கு ஞானோபதேசத்தைச் சொல்லிக்கொடுத்துத் தாமே ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டார். அவசரப்பட்டுவிட்டாரே என்று சுவார்ட்ஸ் ஐயருக்கு மனக்கஷ்டம். முறைப்படி பார்த்தால் ஐயர் வருத்தப்பட்டது நியாயந்தான். ஆனாலும் ஆண்டவர் அந்த முறை வந்து சேரும்வரை காத்திருக்கவில்லை. நம் சபைக் கதையின் முதல் பக்கத்தில் இருப்பது சவரிமுத்து என்ற, குருப்பட்டம் பெறாத ஒரு மனிதரின் பெயர். அவரைப் பற்றி வேறு எதையும் நாம் கொண்டாடுவதில்லை.

அடுத்து குளோரிந்தா அம்மாள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்துவந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, கல்யாணமில்லாத அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டிச் சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். வேறு யாராவதாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள். அந்த அம்மாள் விடவில்லை. அதிகாரி இறந்தபிறகு, 1778இல் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த சமயம், மறுபடி கேட்டுப் பெற்றுக்கொண்டார். 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர், பல சாதியார். முதல் பெயர் அவருடையது. அவருடைய முயற்சியில் எழும்பிய சிற்றாலயம் 1785இல் பிரதிஷ்டையாயிற்று. இன்றைக்கும் ஊரில் அதற்குப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றுதான் பேர். சத்தியநாதன் ஐயர் குருப்பட்டம் பெற்றதோ 1790இல். கணக்குப் பார்த்தால், சவரிமுத்து வேதத்தைத் திறந்து கிட்டத்தட்ட 20 வருஷம் கழித்துத்தான் அந்தச் சபைக்கென்று ஒரு தமிழ்க் குருவானவர் கிடைத்தார். குருவானவர் வந்தது ஏற்கெனவே உயிரோடிருந்த சபைக்கு. நீங்கள் போவதும் அப்படி ஒரு சபைக்குத்தான்.

இறையியல் கல்லூரியில் நாகமானின் கதையை எத்தனையோ கோணத்தில் படித்திருப்பீர்கள். நான் அதில் கவனிப்பது வேலைக்காரர்களை. சிறைபிடித்துக் கொண்டுபோன ஒரு சின்னப் பெண், பெயர்கூட எழுதப்படவில்லை, குஷ்டரோகியான எஜமானைக் குணமாக்க இஸ்ரவேலில் ஒரு தீர்க்கதரிசி உண்டென்று எஜமானியிடம் ஒரு வார்த்தை சொல்கிறாள். சேனாபதி நாகமானின் பயணமே அந்த ஒரு வார்த்தையால் தொடங்குகிறது. சீரியா ராஜாவின் கடிதம் வேலைக்கு ஆகவில்லை. வாங்கிப் பார்த்த இஸ்ரவேல் ராஜா வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். தீர்க்கதரிசி எலிசா வீட்டுக்கு வெளியே வரவேயில்லை, யோர்தானில் முழுகும்படி ஆள் அனுப்பிச் சொல்கிறார். கோபத்தோடு திரும்பிப் போகிற நாகமானை யோர்தானில் இறங்க வைத்தவர்கள் அவனுடைய ஊழியக்காரர்கள். தீர்க்கதரிசி உள்ளே இருக்கிறார், காரியம் வெளியே நடக்கிறது. எலிசாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாக ஒரு எழுத்துக்கூட இல்லை. முன்னால் வந்து நிற்காமல் இருக்கத் தெரிந்த அந்தப் பெலனை ஆண்டவரிடம் கேளுங்கள். பிரசங்க வரத்தைவிட அரிதாகக் கிடைப்பது அது.

இனி ஊர்க்கதை. நான் இருந்த ஒரு சேகரத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குள் வேலித் தகராறு. இரண்டு பேரும் கோவிலுக்கு வருவதை நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த ஐயர்மார் பேசிப் பார்த்தார்கள், கமிட்டியில் வைத்தும் பார்த்தார்கள். கோர்ட்டுக்குப் போவது ஒன்றுதான் பாக்கி. அந்தச் சபையில் பனையேற்றத்தை விட்டுவிட்ட ஒரு பெரியவர் இருந்தார். எழுத்து வாசனை கிடையாது. சபை விருந்தான அசனத்துக்குச் சோறு வடிக்கிற வேலை மட்டும் அவருடையது. விடியற்காலை அடுப்பு மூட்டினால் கடைசிப் பந்தி எழும்பும்வரை அண்டாவைவிட்டு நகரமாட்டார். அந்த வருஷம் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எல்லாம் முடிந்ததும் இரண்டு தூக்குவாளியில் சோறும் கறிக்குழம்பும் எடுத்துக்கொண்டு முதலில் தம்பி வீட்டுக்குப் போனார், பிறகு அண்ணன் வீட்டுக்கு. தகராறைப் பற்றி ஒரு பேச்சு எடுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, அவர்களுடைய அப்பா அந்தக் காலத்தில் அசனத்துக்கு விறகு சுமந்ததைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மறுவாரமும் போனார், கையில் ஒன்றுமில்லாமல். அதற்கடுத்த மாதத் திருவிருந்தில் அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில் முழங்காலிட்டார்கள். அந்தக் காரியத்தில் என் பங்கு அப்பத்தையும் பாத்திரத்தையும் கொடுத்தது ஒன்றுதான். அது போதும். நீங்களும் அது போதும் என்று மனதார நினைக்கப் பழகவேண்டும்.

மத்தியான நேரத்தில் பெண்கள் பீடி சுற்றுகிற வீடுகளுக்குப் போயிருக்கிறீர்களா? நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். மடியில் சொளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். வாசிக்கத் தெரிந்த ஒருத்தி கொஞ்சநேரம் வேலையை நிறுத்திவிட்டுச் சங்கீதம் வாசிப்பாள். மற்றவர்கள் கை நிற்காமல் கேட்பார்கள். அவள் விட்டுப்போன பீடிகளை ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி அவள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவருக்குச் சுகமில்லை என்று சேதி வந்தால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு யார் போவது, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ராத்திரி யார் சோறு கொடுப்பது என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். சேகரக் கமிட்டியில் அவர்களில் ஒருத்தியும் இருக்கமாட்டாள். வருஷாந்திர அறிக்கையிலும் இது வராது. நீங்கள் வீடு சந்திக்கப் போகும்போது அவர்களுக்காக ஜெபித்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். "எனக்காக ஜெபியுங்கள் அம்மா" என்று சொல்லித் தலையைக் குனிந்து உட்காருங்கள். முதல் தடவை கூச்சப்படுவார்கள், "ஐயரவாளுக்கு நாங்களா" என்பார்கள். விடாதீர்கள். அந்த ஜெபத்தைக் கேட்டபிறகு நீங்கள் எழுதுகிற பிரசங்கம் வேறுமாதிரி இருக்கும்.

உங்கள் சேகரத்திலிருந்து வெள்ளாளன்விளை தூரமில்லை. ஒரு நாள் போய்வாருங்கள். 1874இல் அங்கே ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர்தான் அசரியா. 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றவர். 1912இல் இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். அவருடைய பட்டத்தைவிட, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லில் அவர் சபையை நடத்திய விதத்தை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அங்கே சபைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா ஜனங்கள், நிலமில்லாத கூலிகள். ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையிலேயே கைவைக்கச் சொல்லி, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்ற பவுலின் வாக்கைச் சொந்த வாக்காகச் சொல்ல வைப்பார். அன்றைக்குச் சபையில் சேர்ந்தவருக்கு அன்றைக்கே அந்தப் பொறுப்பு. முதலில் படிக்கட்டும், நாலு வருஷம் போகட்டும் என்று தள்ளிவைக்கவில்லை. அந்த ஜனங்களின் வாழ்க்கை மாறியதைக் கண்ட மேல்சாதிக் குடும்பங்களும் பின்னாளில் சபையைத் தேடி வந்தன. கூலிக்காரர் சாட்சி சொல்ல நிலக்காரர் விசுவாசித்தார். இது பேராயர் ஒருவர் தனியாக நின்று பிரசங்கித்தால் நடக்கிற காரியமா?

இதேபோலப் பஞ்சாபில் சியால்கோட் பக்கம் தித்து என்று ஒருவர். கால் ஊனம், தோல் வியாபாரம், எழுதப்படிக்கத் தெரியாது. 1873இல் ஞானஸ்நானம் கேட்டுவந்தார். பெற்றதும் ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்றார். மிஷனெரிக்குத் தயக்கம், இன்னும் கொஞ்சநாள் தங்கிக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தார். தித்து நிற்கவில்லை. தோல் வாங்க ஊர் ஊராய்ப் போன இடத்திலெல்லாம் சொன்னார். அந்த மாவட்டத்தில் அவருடைய ஜனமே திரளாகச் சபைக்குள் வர அவர்தான் முதல் வழி. தடுக்க நல்ல காரணம் இருந்தும் தடுக்காமல் விட்டாரே அந்த மிஷனெரி, அவரையும் மறந்துவிடாதீர்கள். உங்களுக்கும் அப்படிப்பட்ட வேளைகள் வரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, சாதாரண ஜனங்கள் சொல்வதெல்லாம் தேவ சத்தம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. பணமும் ஆள்கட்டும் உள்ள ஒருவர் "நான் சாதாரண விசுவாசிதான் ஐயா" என்று சொல்லிக்கொண்டே கோவிலைத் தம் கைக்குள் வைத்திருப்பார். தாழ்ந்துபோகிறேன் என்று அவருக்கு வழிவிடாதீர்கள். வசனத்தை உபதேசிப்பதும், திருவிருந்தைப் பரிமாறுவதும், தப்பைத் தப்பென்று சொல்வதும் உங்களிடம் ஒப்படைத்த வேலை. அவற்றை யாரிடமும் கைமாற்றிவிட முடியாது. எளியவர்களுக்குள்ளும் சாதி இருக்கிறது, தம்பி. சோறு வடித்த அந்தப் பெரியவருக்கே இறுதி மரியாதை செய்யத் தயங்குகிற தெரு நம் சபைக்குள் இருக்கலாம். அந்த இடத்தில் நீங்கள் மௌனமாக இருந்தால் அதற்குத் தாழ்மை என்று பேர் கிடையாது. வெறும் பயம்.

பெயர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. நம் கோவில்களில் அடிக்கல் முதல் சமையற்கூடம் வரைக்கும் கல்வெட்டு. பேராயர் பேர், சேகரகுரு பேர், நன்கொடை கொடுத்தவர் பேர். பண்டிகை வந்தால் ஃபிளெக்ஸ் வேறு. உங்கள் காலத்தில் கட்டடம் எழும்பினால் கமிட்டியார் உங்கள் பேரைப் போட ஆசைப்படுவார்கள், அன்பினால்தான். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு தடவை உறுதியாகச் சொல்லிவிட்டால் அதற்குப்பிறகு கேட்கமாட்டார்கள். ரோமாபுரிக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் எத்தனை பேருடைய பேரைச் சொல்லி வாழ்த்துகிறார் என்று எண்ணிப் பாருங்கள். பிரயாசப்பட்ட பெண்கள், வீட்டைச் சபைக்குத் திறந்துகொடுத்தவர்கள். நிருபத்தைக் கையால் எழுதிய தெர்தியுவும் அங்கே தம் பேரைச் சொல்லி வாழ்த்துகிறார். உங்களுக்குப் பேர் எழுதுகிற ஆசை வந்தால் அப்படி எழுதுங்கள். ஞாயிறு ஆராதனையில் அவர்கள் பேரைச் சொல்லி நன்றி செலுத்துங்கள்.

கடைசியாக, எனக்கு அதிகம் வருத்தம் தருகிற ஒன்று. தேவன் எளியவர்களைக் கொண்டு கிரியை செய்கிறார் என்று மேடையில் பேசுவது சுலபம். அதையே காரணமாக்கி எளியவர்களைச் சும்மா வேலை வாங்குவதும் நமக்குப் பழக்கமாகிவிட்டது. உங்கள் சேகரத்தில் பல சபைகள் இருக்கும். எல்லாவற்றிலும் நீங்கள் ஞாயிறுதோறும் நிற்க முடியாது. வாராவாரம் ஆராதனை நடத்தி, சாவு வீட்டில் முதல் ஆளாக நின்று, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பவர்கள் சபை ஊழியர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களுந்தான். அவர்களுடைய சம்பளம் சொற்பம். அதுவும் காணிக்கை குறைந்த மாதத்தில் தள்ளிப்போகும். உங்களுக்குத் தள்ளிப்போகாது. போய்ப் பொறுப்பேற்றதும் பிரசங்கத் திட்டம், வாலிபர் முகாம் எல்லாம் யோசிப்பதற்கு முன்னால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, சபை ஊழியர்களுக்குப் பாக்கி ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே அதைத் தீர்த்துவிடுங்கள்.

ஆண்டவரின் பணியில் உங்கள் அண்ணன்