வங்கி வாசலில் நின்ற நகரம்

அன்புள்ள பேத்திக்கு,

போன வாரம் போனில் நீ கேட்ட கேள்விக்குத் தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. "பெரிய பொருளாதாரச் சரிவு ஒன்று வந்தால், எல்லா வசதிக்கும் பழகிவிட்ட எங்களைப் போன்றவர்கள் தாக்குப்பிடிப்போமா?" என்றாய். இதற்கு ஊகமாகப் பதில் சொல்வதைவிட, அப்படி ஒரு சரிவை நேரில் பார்த்த நகரத்தின் கதையைச் சொல்வது மேல். நகரம், அர்ஜென்டினாவின் தலைநகரமான புவெனஸ் அயர்ஸ். ஆண்டு 2001.

முதலில் அந்த ஊர்க்காரர்கள் யார் என்று தெரிந்துகொள். பஞ்சத்துக்குப் பழகிய மக்கள் அல்ல அவர்கள். கோதுமையும் மாட்டிறைச்சியும் ஏற்றுமதி செய்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் பணக்கார நாடுகள் வரிசையில் உட்கார்ந்திருந்த நாடு அது. தலைநகரில் 1913லேயே சுரங்க ரயில் ஓடியது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே டாக்டர்களாகவும் வக்கீல்களாகவும் ஆனார்கள். நடுத்தரக் குடும்பம் என்றால் சொந்தமாக ஒரு அடுக்குமாடி வீடு, பிள்ளைக்குக் கல்லூரிப் படிப்பு, கோடையில் கடற்கரைக்கு ஒரு பயணம் என்று இருந்தது.

அந்த நாட்டை விலைவாசிதான் முதலில் ஆட்டியது. 1989ல் ஒரே ஆண்டில் விலைகள் 3,000 சதவீதத்துக்கும் மேல் ஏறின. அந்தப் பயத்தைப் போக்க, 1991ல் பொருளாதார அமைச்சர் தொமிங்கோ கவாலோ ஒரு சட்டம் கொண்டுவந்தார். உள்ளூர்ப் பணமும் அமெரிக்க டாலரும் ஒன்றுக்கு ஒன்று சமம் என்றது அது. விலைவாசி அடங்கியது. வெளிநாட்டுப் பொருள் மலிவாகக் கிடைத்தது. மயாமிக்குப் போய் ஷாப்பிங் செய்துவிட்டு வருவது சாதாரணமானது. சம்பளம் உள்ளூர்ப் பணமான பேசோவில் வர, வீட்டுக் கடனை டாலரில் வாங்கினார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று வங்கியும் சொன்னது, அரசாங்கமும் சொன்னது.

அந்த வசதியின் அடியில் என்ன நடந்தது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. உள்ளூர்ப் பணம் டாலர் அளவுக்குக் கனமாக இருந்ததால் அர்ஜென்டினாவில் செய்த பொருள் வெளியே விலைபோகவில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1995லேயே வேலையின்மை 18 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. 1998ல் தொடங்கிய மந்தம் விடவே இல்லை. 1999 ஜனவரியில் பக்கத்து நாடான பிரேசில் தன் பணத்தின் மதிப்பைக் குறைத்ததும் இருந்த சந்தையும் போனது. அரசாங்கம் கடன் மேல் கடன் வாங்கி அந்த ஒன்றுக்கு ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

2001 டிசம்பர் 1. வங்கிக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 250 பேசோவுக்கு மேல் ரொக்கமாக எடுக்க முடியாது என்று அறிவிப்பு வந்தது. பாஸ்புக்கில் பணம் இருக்கிறது, கைக்கு வராது. வங்கியில் காலம் தள்ளிய தாத்தாவுக்கு, இந்தக் கதையிலேயே நெஞ்சை அடைக்கிற இடம் இதுதான். வங்கி திறந்த நாளிலிருந்து கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களின் நிலையையும் யோசித்துப் பார்க்கிறேன்.

ஆனால் அடி முதலில் விழுந்தது கணக்கு வைத்திருந்தவர்கள் மேல் அல்ல. கார்டிலும் செக்கிலும் அவர்களால் ஓரளவு சமாளிக்க முடிந்தது. வீட்டு வேலைக்கு வருகிறவர், குழாய் ரிப்பேர் செய்கிறவர், தெருவில் பழம் விற்கிறவர் போன்றோர் ரொக்கத்தில் வாழ்ந்தவர்கள். ஊரில் ரொக்கம் வற்றியதும் அவர்கள் வீட்டு அடுப்பு அந்த வாரமே அணைந்தது. கணக்கே இல்லாதவர்களைத்தான் வங்கிக் கட்டுப்பாடு முதலில் பட்டினி போட்டது. இதை மறக்காதே, பின்னால் தேவைப்படும்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சர்வதேச நாணய நிதியம் தர வேண்டிய கடன் தவணையை நிறுத்தியது. டிசம்பர் 19ல் சூப்பர் மார்க்கெட்டுகள் சூறையாடப்பட்டன. அதிபர் அவசரநிலை அறிவித்தார். அன்றிரவு நடுத்தரக் குடும்பத்துக்காரர்கள் சட்டியும் கரண்டியுமாகத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். நாடெங்கும் நடந்த மோதல்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறுநாள் அதிபர் ஃபெர்னாந்தோ தே லா ருவா ராஜினாமா செய்துவிட்டு மாளிகை மாடியிலிருந்து ஹெலிகாப்டரில் கிளம்பினார். இரண்டு வாரத்துக்குள் அந்த நாற்காலியில் ஐந்து பேர் மாறினார்கள். நாடு 8,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது.

ஜனவரியில் ஒன்றுக்கு ஒன்று சட்டம் ரத்தானது. 2002ன் நடுவில் ஒரு டாலருக்கு மூன்றரைப் பேசோவுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. டாலரில் போட்ட டெபாசிட்டுகளை, டாலருக்கு 1.40 பேசோ என்ற கணக்கில் அரசாங்கம் பேசோவாக மாற்றிவிட்டது. அந்த மே மாதத்தில் வேலை தேடியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை. அக்டோபரில் நகர்ப்புற மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். தாத்தா பாட்டி கப்பலேறிய ஊர்களுக்கே திரும்பிப் போகலாம் என்று பேரப்பிள்ளைகள் ஸ்பெயின், இத்தாலி தூதரகங்களின் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

சரி, மற்றவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள்?

நகரத்தின் தெற்கே பெர்னால் என்ற இடத்தில் 1995ல் சுமார் இருபது பேர் சேர்ந்து பண்டமாற்றுச் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். நீ செய்ததை நீ கொண்டுவா, எனக்குத் தெரிந்ததை நான் தருகிறேன் என்பதுதான் விதி. கணக்கு வைத்துக்கொள்ளத் தாங்களே அச்சடித்த சீட்டு. 2002ல் இப்படிப்பட்ட சங்கங்களில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். மூடிய ஆலைக் கொட்டகையிலும் சர்ச் கூடத்திலும் வாரச்சந்தை மாதிரி கூடுவார்கள். வீட்டில் சுட்ட எம்பனாடா என்ற பலகாரத்தை விற்றவர் அந்தச் சீட்டைக் கொடுத்து முடி வெட்டிக்கொண்டார். தையல் தெரிந்தவர், ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவர், மின்சார வேலை தெரிந்தவர் ஆகியோருக்கு மவுசு. மேஜையில் உட்கார்ந்து ஃபைல் பார்த்தே பழகியவர்கள் திணறினார்கள்.

இன்னொரு பக்கம், சாயங்காலமானால் புறநகரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் தள்ளுவண்டியோடு நகரத்துக்குள் வந்தார்கள். குப்பையில் அட்டையும் காகிதமும் பொறுக்குவதற்கு. அவர்களுக்காகவே ஹோசே லெயோன் சுவாரெஸ் என்ற புறநகர் நிலையத்திலிருந்து, இருக்கைகளைக் கழற்றிய ரயில் ஒன்றை விட்டார்கள். வெள்ளை ரயில் என்று அதற்குப் பெயர். ஏறியவர்களில் நேற்றுவரை ஆலையில் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். குப்பையைக் கிளறுவது சட்டப்படி குற்றமாக இருந்தது. 2002 கடைசியில் மாநகரம் புதுச் சட்டம் போட்டு, அவர்களையும் குப்பை மேலாண்மையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது. அடுத்த வருஷம் எலோயிசா கார்த்தொனேரா என்று ஒரு பதிப்பகம் முளைத்தது. குப்பை பொறுக்குகிறவர்களிடம் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து அட்டை வாங்கி, அதில் கையாலேயே வண்ணம் தீட்டி, கவிதைப் புத்தகங்களுக்கு மேலட்டை போட்டார்கள். இந்தச் செய்தியைப் படித்த நாள் தாத்தாவுக்கு அத்தனை சந்தோஷம்.

புரூக்மன் ஆலையின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நகரத்துக்கு நடுவில், ஆண்களுக்கான கோட்டு சூட்டு தைக்கும் இடம். தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். கூலி வாராவாரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பஸ்ஸுக்குக்கூடக் காணாத அளவுக்கு வந்துவிட்டது. 2001 டிசம்பர் 18 அன்று, வீட்டுக்குப் போகப் பஸ் காசாவது கொடுங்கள் என்று முதலாளிகளிடம் கேட்டார்கள். கொண்டுவருகிறோம் என்று போனவர்கள் திரும்பவில்லை. பெண்கள் அன்றிரவு ஆலையிலேயே தங்கினார்கள். மறுநாள் நாடு பற்றி எரிந்தது. சில நாள் பார்த்துவிட்டு, கிடந்த துணியை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார்கள். ஆர்டர் பிடித்தார்கள், கணக்கு எழுதக் கற்றார்கள், வந்ததைப் பகிர்ந்துகொண்டார்கள். 2003 ஏப்ரலில் போலீஸ் அவர்களை வெளியேற்றியது. அவர்கள் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். அந்த வட்டாரமே கூட வந்து நின்றது. ஆண்டு முடிவதற்குள் ஆலை சட்டப்படி அவர்களது கூட்டுறவுச் சங்கத்தின் கைக்கு வந்தது. சங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'டிசம்பர் 18'.

இதையெல்லாம் படித்தால், அரசாங்கம் எதற்கு, மக்களே பார்த்துக்கொள்வார்கள் என்று தோன்றும். அந்த முடிவுக்கு வந்துவிடாதே. மீதிக் கதையும் இருக்கிறது.

பண்டமாற்றுச் சங்கங்கள் 2002 முடிவதற்குள் நொறுங்கின. கள்ளச் சீட்டு புகுந்தது, சீட்டின் மதிப்பு சரிந்தது. அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருந்தது. எம்பனாடா செய்ய மாவும் எண்ணெயும் வேண்டும். அவற்றைச் சீட்டுக்கு யாரும் தரமாட்டார்கள், ரொக்கம்தான் கேட்பார்கள். ரொக்கம் தீர்ந்த வீட்டிலிருந்து சந்தைக்கு வர, பழைய துணியைத் தவிர வேறொன்றும் இல்லை. வட்டார மக்கள் கூடி அமைத்த இருநூறுக்கும் மேற்பட்ட தெருமுனைச் சபைகள் ஏழைகளுக்குச் சோறு போட்டன, மொத்த விலைக்குக் காய்கறி வாங்கிப் பகிர்ந்தன. ஓரிரு வருஷத்தில் அவையும் கரைந்தன. அண்டை வீட்டார் கருணைக்கு எட்டாத தூரத்தில், வடக்கே துக்குமான் மாகாணத்தில், சத்துக்குறைவால் குழந்தைகள் இறந்த செய்தி 2002 கடைசியில் வந்தது. மாடும் கோதுமையும் ஏற்றுமதி செய்கிற நாட்டில்!

நாட்டை நிமிர்த்தியதில் பெரும் பங்கு, பத்திரிகைகளில் அதிகம் பேசப்படாத காரியங்களுக்கு உண்டு. வேலையில்லாத குடும்பத் தலைவர்களுக்கும் தலைவிகளுக்கும் மாதம் 150 பேசோ தரும் திட்டத்தை அரசாங்கம் 2002ல் கொண்டுவந்தது. ஏறத்தாழ 20 லட்சம் பேருக்கு அது கிடைத்தது. பணமதிப்பு சரிந்ததால் கொழுத்த லாபம் பார்த்த ஏற்றுமதியாளர்கள்மேல் வரி போட்டார்கள். அடிப்படை மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இலவசமாக அனுப்பும் ரெமெதியார் திட்டம் அதே வருஷம் தொடங்கியது. டாக்டர்கள் கம்பெனிப் பெயரைவிட்டு மருந்தின் பொதுப் பெயரை எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. 150 பேசோ சின்னத் தொகைதான், திட்டத்தில் குறைகளும் இருந்தன. ஆனாலும் மாதம் தவறாமல் வந்தது. 2003லிருந்து பொருளாதாரம் வருஷத்துக்கு 8, 9 சதவீதம் என்று வளரத் தொடங்கியது.

கிரேக்கத்திலும் இதே வரிசைதான். 2008க்குப் பிறகு அந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் கால்வாசி போனது. 2015 கோடையில் ஏடிஎம்மில் நாளுக்கு 60 யூரோதான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு வந்தது. வேலை போனவர்களுக்கு மருத்துவக் காப்பீடும் போயிற்று. டாக்டர்கள் சம்பளம் வாங்காமல் இலவச மருத்துவமனைகள் நடத்தினார்கள். வீடுகளில் மீந்த மாத்திரைகளைச் சேகரித்துக் கொடுத்தார்கள். இது எங்கள் வேலை அல்ல, அரசாங்கத்தின் வேலை என்று சொல்லிக்கொண்டேதான் அவர்கள் அதைச் செய்தார்கள். 2016ல் காப்பீடு இல்லாதவர்களுக்கும் அரசு மருத்துவமனைகளைத் திறந்துவிடும் சட்டம் வந்தது.

ஆக, உன் கேள்விக்குத் தாத்தாவின் பதில்: தாக்குப்பிடிப்பீர்கள். முதல் சில மாதங்களுக்குப் பக்கத்து வீட்டார் துணையும் கைத்தொழிலும் போதும். அதற்குப் பிறகு அரசாங்கத்தின் கை வந்தாக வேண்டும். வசதியாக இருக்கும்போது இவ்விரண்டையும் விட்டுவிட்டவர்கள்தான் மூழ்குவார்கள்.

உனக்கென்று சொல்ல வேண்டியது சில உண்டு. சம்பளம் எந்தப் பணத்தில் வருகிறதோ அந்தப் பணத்தில் மட்டும் கடன் வாங்கு. இஎம்ஐ என்பது நல்ல காலத்தை நம்பிப் போடும் கையெழுத்து. ஆறு மாதம் சம்பளம் வராவிட்டாலும் கட்ட முடியுமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடு. கையால் செய்யும் வேலை ஒன்றாவது கற்றுக்கொள், தையலோ சமையலோ மின்சார வேலையோ. வேலை போனால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்காதே, நாலு பேரிடம் சொல். புரூக்மன் பெண்கள் அன்றிரவு வெட்கப்பட்டுத் தனித்தனியாக வீட்டுக்கு நடந்திருந்தால் அந்த ஆலை அவர்கள் கைக்கு வந்திருக்காது.

இன்னொன்று தாத்தாவுக்கு நிரம்ப வருத்தம் தருவது. 2002ன் தொடக்கத்தில் சட்டி தட்டிய நடுத்தர வர்க்கமும், வேலை கேட்டுச் சாலை மறித்த ஏழைகளும் தோளோடு தோள் நின்றார்கள். நிலைமை சீராகத் தொடங்கியதும், சாலை மறியலால் ஆபீஸ் போகத் தாமதமாகிறது என்று அதே நடுத்தர வர்க்கத்தில் பலர் சலித்துக்கொண்டார்கள். நீ அப்படி ஆகிவிடக் கூடாது. ரேஷன் கடையும் அரசு ஆஸ்பத்திரியும் உனக்குத் தேவைப்படாத இடங்கள் என்று நினைக்காதே. அவற்றுக்கான பணத்தை யாராவது வெட்டினால் உன் பணத்தை வெட்டியதாகவே எடுத்துக்கொண்டு கேள்வி கேள்.

ரொக்கத்தில் வாழ்கிறவர்களுக்குத்தான் முதல் அடி என்று மேலே சொன்னேன். உன் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன், வீட்டு வேலை செய்கிறவர்கள், துப்புரவு வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுத் தெரிந்துகொள். அவர்களுக்குச் சம்பளம் வங்கியில் போகிறதா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்துக் கட்டுகிறார்களா என்று அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் நீயே எழுந்து கேள். என்ன பதில் வந்தது என்று தாத்தாவுக்கு எழுது.

அன்புடன்,
தாத்தா