செரட்டோனின் குறைந்துபோனதா?

நம்பிக்கை: மனச்சோர்வு என்றால் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் குறைந்துவிட்டது.

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், அரூர் பக்கம் ஒரு காலத்தில் "காத்து கருப்பு" என்று மந்திரித்துக் கயிறு கட்டிய வீடுகளில், கைபேசியின் புண்ணியத்தில் இப்போது "மூளையில கெமிக்கல் கம்மியாயிடுச்சு" என்கிறார்கள். முன்னேற்றம்தான். ஆனாலும் இது பாதிக் கதை.

இந்தக் கதையில் நம் நாட்டு மூலிகைக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் எழுதினார். அதன் வேரிலிருந்து பிரித்த ரிசர்பின், மூளையின் செரட்டோனின், நார்அட்ரினலின் இருப்பைக் கரைக்கும். சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்துபோனார்கள். 1950களில் காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியசிட் மருந்தோ, அந்த ரசாயனங்கள் சிதையாமல் தடுத்தது, நோயாளிகள் உற்சாகமானார்கள். குறைந்தால் சோர்வு, கூடினால் தெளிவு என்று இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்டதல்ல; ஆனால் இறுகவும் இல்லை. செரட்டோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்று 2022இல் லண்டனின் ஜோனா மான்கிரிஃப் குழு பழைய ஆய்வுகளைத் திரட்டிச் சொன்னது.

மனச்சோர்வு மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் நரம்புச் சந்திப்பில் செரட்டோனின் கூடுகிறது. மனம் தெளியவோ இரண்டு முதல் நான்கு வாரம் ஆகிறது. வெறும் குறைவு என்றால் ஏன் இந்தத் தாமதம்? நரம்புகள் புது இணைப்புகளைப் பின்னிக்கொள்ளும் அவகாசம் என்பது ஒரு விளக்கம்.

மூளையின் செரட்டோனின் அளவு ரத்தப் பரிசோதனையிலும் பிடிபடாது. உடம்பின் செரட்டோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில் இருக்கிறது. வாழைப்பழத்தில் உள்ள செரட்டோனினோ மூளைக்குள் நுழைவதே இல்லை.

நம்பிக்கை: அப்படியானால் மாத்திரை வீண்.

காய்ச்சல் மாத்திரையில் காய்ச்சல் இறங்கினால், உடம்பில் அந்த மாத்திரை குறைந்திருந்தது என்றா சொல்வோம்? ஃப்ளூவாக்ஸிடின், எஸிட்டலோபிராம் போன்றவை பலருக்கு, முக்கியமாகச் சோர்வு கடுமையாக இருப்பவர்களுக்கு, உதவுகின்றன. இவை போதை மாத்திரைகள் அல்ல. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரலாம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புகிறவர் மாத்திரை அட்டையை வீட்டுப் பரணில் விட்டுப் போவதில்தான் சிக்கல். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கையோடு வாங்கிப் போகலாம். நிறுத்துவதானாலும் அவர் சொல்லிப் படிப்படியாக.

நம்பிக்கை: மாத்திரை மட்டும்தான் வழி.

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசினார்கள். கடும் சோர்வில் இருந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. விக்ரம் படேல் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு இது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அவ்வளவு தூரம் வர முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.