தூரம் சொல்லும் ஒளி

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் நிலவில் இறங்கியதை நம்மில் பலரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அதற்குச் சொன்ன கருவிகளுள் லேசர் உயரமானியும் ஒன்று. 2008இல் சந்திரயான்-1இல் சென்ற லேசர் தூரமானியை உருவாக்கிய இஸ்ரோ ஆய்வுக்கூடம் நம் பெங்களூர் பீன்யாவில்தான் இருக்கிறது. ஆரியபட்டா செயற்கைக்கோள் உருவானதும் அங்கேதான்.

அதன் சின்னஞ்சிறு தம்பி ஒன்று எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கிறது. வி.எல்.53.எல்.0.எக்ஸ் என்பது அதன் பெயர். கண்ணுக்குத் தெரியாத, கண்ணைக் கெடுக்காத லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. 1 மீட்டர் தள்ளியுள்ள பொருளிலிருந்து ஒளி திரும்ப சுமார் 6.7 நானோ வினாடி ஆகும். வெள்ளைப் பரப்பு என்றால் 2 மீட்டர் வரை எட்டும். கறுப்பு என்றால் அவ்வளவு எட்டாது.

எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத் தருகிறேன். கீழ்த்தளத்தில் கார் பின்னால் வரும்போது சுவர் எவ்வளவு தூரம் என்று விளக்கு காட்ட வேண்டும். இதுதான் பாடம்.

"நாலு கம்பிதானே மாமா?" என்றான் ஒருவன். ஆமாம், நாலுதான். மின்சாரம், தரை, தகவல், தாளம். ஆர்டுயினோ ஊனோ பலகையில் தகவல் கம்பி ஏ4இலும் தாளக் கம்பி ஏ5இலும் சேரும். உணரி தானாகப் பேசாது. கட்டுப்படுத்தி 41 என்ற முகவரியைச் சொல்லிக் கூப்பிட்டு, "அள" என்று கட்டளையிட வேண்டும். சுமார் 33 மில்லி வினாடியில் விடை மில்லிமீட்டரில் வரும்.

இரண்டு உணரிகளை வைத்தால் இரண்டுக்கும் அதே 41தான். ஒரே பெயரில் இரு பிள்ளைகள் உள்ள வகுப்பு மாதிரி! எக்ஸ்-ஷட் கம்பியால் ஒன்றைத் தூங்க வைத்து, மற்றதற்குப் புது முகவரி கொடுக்க வேண்டும். மின்சாரம் போனால் அது மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லித்தர வேண்டும்.

என்னைக் கேட்டால் பாடத்தின் உயிர் அடுத்ததில்தான் இருக்கிறது. ஒளி திரும்பாதபோது உணரி பெரும்பாலும் 8190 என்ற எண்ணைத் தருகிறது. அது தூரம் அல்ல. "எனக்குத் தெரியவில்லை" என்று பொருள். அதை 8 மீட்டர் என்று நம்பிப் பச்சை விளக்கு எரிந்தால், கறுப்பு பம்பர் சுவரில் மோதும்வரை அப்பா பின்னால் வந்துகொண்டிருப்பார். ஆகவே எங்கள் நிரலில் நம்பத்தக்க எண் வந்தால் மட்டுமே பச்சை. 8190 வந்தாலும், கம்பி கழன்று பதிலே வராவிட்டாலும் இரு விளக்குகளும் அணையும். விக்ரம்கூட லேசரை மட்டும் நம்பவில்லை. ரேடியோ அலை உயரமானியும் அதில் இருந்தது.

கம்பிகள் ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். நீண்டால் தகவல் குழம்பும். விளக்கைத் தூரத்தில் வைக்க வேண்டுமானால், கட்டுப்படுத்தியை உணரியின் பக்கத்திலேயே வைத்து, விளக்குக் கம்பியை மட்டும் நீட்டுங்கள்.