காயமுற்ற தொழிலாளியும் வைத்திய பரிசோதனையும்

நஷ்டஈடு கோருவோன் தன் காயத்தைக் காட்ட மறுக்கலாமோ? இந்தியாவில் 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் தன் 11ஆம் பிரிவில் இதற்கு விடை பகர்ந்தது. தொழிலாளியின் விபத்தறிவிப்புக் கிடைத்த 3 நாட்களுக்குள் முதலாளி இலவச வைத்திய பரிசோதனைக்கு முன்வரின், அவன் அதற்கு உடன்படல் வேண்டும் என்றது அது. தக்க காரணமின்றி மறுப்பின், அம்மறுப்பு நீடிக்குங்காறும் அவனது உரிமை நிறுத்திவைக்கப்பட்டது. அக்காலத்திற்குரிய தொகையும் கிட்டாதாயிற்று. ஈண்டு நாம் நோக்கற்பாலது யாதெனின், உரிமை அழிக்கப்படவில்லை, நிறுத்தியே வைக்கப்பட்டது என்பதாம். பரிசோதனைக்கு உடன்படாமலே அவன் இறந்துபடினும், அவனை நம்பி வாழ்ந்தோர்க்கு நஷ்டஈடு வழங்குமாறு கமிஷனர் ஆணையிடலாம் என்றும் அப்பிரிவே இடந்தந்தது. இஃது அறநெறி தழுவிய ஏற்பாடென்றே நாம் கொள்கின்றோம்.

எனினும், முதலாளி அமர்த்திய வைத்தியர் அவர்க்கே சார்பாவாரோ என ஏழைத் தொழிலாளி ஐயுறுதல் இயல்பன்றோ? பெண்டிர்க்கோ நாணமும் உடன்சேர்ந்தது. அவர்தம் இசைவின்றி, வேறொரு பெண் உடனில்லாவழி, ஆண் வைத்தியர் பரிசோதித்தலாகாதென 1924ஆம் ஆண்டின் விதிகள் தடுத்தன. இது நன்று. பெண் வைத்தியர்க்காகும் செலவைக் கட்டுவோள் ஆண் வைத்தியரை அறவே மறுக்கலாம் என்றும் அவ்விதிகள் கூறின. ஆயின், அப்பணத்திற்குக் கூலிப்பெண் எங்குச் செல்வாள்? கூலியிழந்த நாளிலன்றோ அவள் நஷ்டஈடு நாடி வந்தாள்!