நீயும் அவுட் ஆகணும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கதை சொல்லப் போன இடத்தில் பிள்ளைகளோடு இருக்கிற இரண்டு மணி நேரமும் வயதே மறந்துபோகிறது, பஸ் ஏறி வீடு வந்ததும் ‘இந்த வயசுல இதென்ன கூத்து’ என்று கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கூச்சப்பட ஒன்றும் இல்லை. முப்பது வருடமாகக் கதை சொல்கிறேன். அந்த மறதிதான் என்னை இன்னும் இந்த வேலையில் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் அதில் அசலும் உண்டு, போலியும் உண்டு.

குரலை மழலையாக்கி, கோமாளித் தொப்பி மாட்டி, கண்ணை உருட்டினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் உன்னைப் பெரியவர்கள் பக்கம் உட்கார வைத்துவிடுவார்கள்.

எங்கள் ஊர்க் கிளை நூலக வாசலில், சனிக்கிழமை கதைக்கு முன்னால் பாண்டி ஆடுவார்கள். செங்கல் துண்டால் கோடு போட்ட எட்டுக் கட்டம், உடைந்த ஓட்டில் ஒரு சில்லு. நானும் சேர்ந்து நொண்டியடித்தேன். கோட்டை மிதித்தாலும் யாரும் எதுவும் சொல்லவில்லை. “தாத்தா ஆடட்டும்” என்று விட்டுவிட்டார்கள். தெரு ஆட்டத்தில் குட்டித் தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு, அவுட் கொடுக்காமல் ஓடவிடுவோமே, ஒப்புக்குச் சப்பாணி என்று, அந்த இடம்தான் எனக்கும். (கடுமையான சொல். பிள்ளைகள் முன்னால் அதை நான் சொல்வதில்லை.)

அதன்பிறகு ஒழுங்காக ஆட ஆரம்பித்தேன். சில்லு கோட்டில் விழுந்தால் நானே விலகினேன். முறை வரும்வரை வெயிலில் நின்றேன். ஒரு நாள் நெற்றியில் சில்லை வைத்து, அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டு, கட்டத்துக்குக் கட்டம் “ரைட்டா?” என்று கேட்டபடி நடந்தேன். “ரைட்டு... ரைட்டு...” மூன்றாவது கட்டத்தில், முன்பல் விழுந்த ஒரு சிறுமி அலறினாள்: “கோட்டுல கால்! தாத்தா அவுட்டு!” குரலில் துளி இரக்கம் இல்லை. “மிதிக்கல, சத்தியமா மிதிக்கல” என்று என் வாய்வரை வந்துவிட்டது. எட்டு வயதில் எங்கள் தெருவில் வந்த அதே ஆத்திரம். அன்றைக்குத்தான் நான் அவர்களில் ஒருவன் ஆனேன்.

இனிச் சொல்வது இதைவிட முக்கியம். அதே வாசலில் ஒரு பையன் கதைக்குச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தான். அவன் வளர்த்த ஆட்டுக்குட்டியைக் காலையில் விற்றுவிட்டார்களாம். “வேற குட்டி வாங்கிக்கலாம்டா, இதுக்குப்போய் அழலாமா?” என்றேன். மூன்று வாரம் அவன் வரவே இல்லை. அவர்களின் சந்தோஷத்தில் பங்கு கேட்ட நான், துக்கம் வந்ததும் சட்டென்று என் வயதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அது தப்பு, தம்பி. இன்றைக்கும் மனசு அறுக்கிறது.

போலந்தில் யானுஷ் கோர்சாக் என்று ஒரு மருத்துவர் இருந்தார். வார்சாவில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர். மறுபடியும் சிறுவனாகிவிடும் ஓர் ஆசிரியரைப் பற்றி 1925-ல் ஒரு நாவல் எழுதினார். விளையாட்டும் பனியும் திரும்பக் கிடைக்கிற அந்த மனிதருக்கு, சின்ன வயதின் அவமானங்களும் துக்கங்களும் கூடவே முழுசாகத் திரும்பி வருகின்றன. 1942-ல் நாஜிகள் அந்த இல்லத்துப் பிள்ளைகளை ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோனபோது, கோர்சாக் அவர்களை விட்டு விலகவில்லை. கூடவே போய் அங்கேயே உயிர்விட்டார். பிள்ளைகளோடு இருப்பது என்று அவர் எதைச் சொன்னாரோ, அதைக் கடைசிவரை செய்தார்.

இப்படியே இருந்தால் பொறுப்பு போய்விடுமோ என்று வேறு பயப்படுகிறாய். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். வங்கி வேலையையும் விடவில்லை, பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதுவதையும் விடவில்லை. உன்னாலும் முடியும்.

அந்தப் பையன் நாலாவது வாரம் வந்தான். “உன் குட்டி பேரென்ன?” என்று மட்டும் கேட்டேன். சொன்னான். அதன் காதில் இருந்த வெள்ளைப் புள்ளியைப் பற்றி, அது போர்வையைக் கடித்த கதையைப் பற்றி, நெடுநேரம் சொன்னான். அன்றைக்குக் கதை சொன்னது அவன்தான்.

அடுத்த வாரம் அரை மணி முன்னதாகப் போ. தொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போ. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேள். சேர்த்தால் உண்மையாக ஆடு. அவுட் கொடுத்த அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதிப் போடு.

அன்புடன்,
உன் அண்ணன்